வரம் பெற்ற தம்பிக்கு

விருத்தாசலம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் மாமாவும் சுகமாக இருக்கிறோம். மழை பிடித்ததிலிருந்து மாமாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

உன் கடிதம் கிடைத்தது. போனிலேயே பேசிவிடேன் என்று மாமா சொன்னார். நீ கேட்டிருப்பது போனில் பேசி முடிக்கிற காரியம் இல்லை. ஆற அமரப் படித்து, ஜெபித்து, மறுபடியும் எடுத்துப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கர்த்தர் உனக்கு வரங்கள் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நீ ஜெபித்த பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, நீ சொன்ன வார்த்தை சிலருடைய வாழ்க்கையில் அப்படியே நடந்தது, ஜனங்கள் உன்னைத் தேடி வருகிறார்கள், வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு இறங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ சொன்ன எதையும் நான் சந்தேகப்படவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். உனக்குப் பொய் வராது என்று எனக்குத் தெரியும். தேவன் இன்றைக்கும் வரங்களைத் தருகிறார் என்று நம்புகிறவள்தான் உன் அக்கா. தீர்க்கதரிசனத்தை அற்பமாக நினைக்காதே என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது எனக்கும்தான். ஆனால் அடுத்த வசனத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாவது வேலையை உனக்காகச் செய்ய உன் வீட்டில் மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்.

உன் கடிதத்தில் ஒரு காரியம் என் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு பெண்ணை எழுந்து நிற்கச் சொல்லி, அவள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விஷயத்தை எல்லார் முன்னாலும் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவள் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள், நீ சொன்னது உண்மை என்று பிறகு தெரியவந்தது, கூட்டம் முழுவதும் தேவனை மகிமைப்படுத்தினது என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பெண் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வந்தாளா என்று நீ எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் தேடினேன்.

கொரிந்து சபையை எடுத்துக்கொள். எந்த வரத்திலும் அவர்களுக்குக் குறைவில்லை என்று நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே பவுல் ஒப்புக்கொள்கிறார். அதே அதிகாரத்தில், நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று அவர்கள் கட்சி பிரிந்து நின்றதையும் சொல்கிறார். ஆறாம் அதிகாரத்துக்கு வந்தால் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு நியாயஸ்தலத்துக்குப் போகிறார்கள். பதினோராம் அதிகாரத்தில் கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாக இருக்கிறான், இன்னொருவன் வெறியாக இருக்கிறான். அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் அற்புதமும் குறைவில்லாமல் இருந்த சபையில்தான் இவ்வளவும் நடந்தது. பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரங்களைப் பற்றிச் சொல்லி, பதினான்காம் அதிகாரத்தில் அவற்றை ஒழுங்குபடுத்துகிற பவுல், நடுவில் அன்பின் அதிகாரத்தை வைத்தாரே, அது கல்யாண வீட்டில் வாசிப்பதற்காக எழுதப்பட்டது இல்லை. வரம் பெற்றவர்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதின கண்டிப்பு அது.

சவுல் ராஜாவைப் பார். அபிஷேகம் பெற்ற புதிதில் தீர்க்கதரிசனம் சொன்னான். பல வருடம் கழித்து, தாவீதைக் கொல்லத் தேடிப்போன வழியிலும் தீர்க்கதரிசனம் சொன்னான். முதல் தடவை அவன் மனம் தாழ்மையாக இருந்தது. இரண்டாம் தடவை கொலைவெறியில் இருந்தது. வாயில் வந்த வரம் மட்டும் இரண்டு தடவையும் ஒன்றுதான். நோயாளிகளைக் குணமாக்கவும் பிசாசுகளைத் துரத்தவும் அதிகாரம் பெற்றுப்போன பன்னிரண்டு பேரில் யூதாசும் இருந்தான். அவன் ஜெபித்தால் மட்டும் சுகம் கிடைக்கவில்லை என்று எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. உம்முடைய நாமத்தினால் இதையெல்லாம் செய்தோமே என்று கடைசி நாளில் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் ஆண்டவர் என்ன சொல்வார் என்பது உனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆகவே தம்பி, நீ சொன்னது நடந்தது என்பதை வைத்து நீ எப்பேர்ப்பட்டவன் என்று முடிவு செய்யாதே. கொடுத்தவர் நல்லவர் என்பதற்குத்தான் அது சாட்சி.

நம் ஊர்ப் பக்கத்துக் கோணான்குப்பம் உனக்கு நினைவிருக்கும். பெரியநாயகி மாதா கோயில் திருவிழாவுக்கு ஜனவரியில் வேன் வேனாக ஜனங்கள் போவார்கள். நாம் வேறு சபை என்றாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அதைக் கட்டின வீரமாமுனிவரின் ஞாபகம் வரும். இத்தாலியில் பிறந்து, இங்கே வந்து, தமிழ்ப் புலவர்களே வியக்கும் அளவுக்குத் தமிழ் கற்றவர். சதுரகராதி செய்தவர். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாட்டாகத் தேம்பாவணியைப் பாடியவர். மொழியில் அவ்வளவு பெரிய வரம் பெற்ற மனிதர், அந்தக் காவியத்துக்கு யாரைத் தலைவனாக வைத்தார் தெரியுமா? செங்கடலைப் பிளந்த மோசேயை வைக்கவில்லை. வானத்திலிருந்து அக்கினி இறக்கின எலியாவை வைக்கவில்லை. வளன் என்று பெயர் கொடுத்து, மரியாளின் கணவனாகிய யோசேப்பை வைத்தார்.

அந்த யோசேப்பு பேசின ஒரு வார்த்தைகூடச் சுவிசேஷங்களில் இல்லை, கவனித்திருக்கிறாயா? அவர் ஒரு அற்புதமும் செய்யவில்லை. பிரசங்கம் பண்ணவில்லை. மத்தேயு அவரைப் பற்றிச் சொல்வது நீதிமான் என்று மட்டும்தான். அப்படிச் சொன்ன கையோடு அதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறார். தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் கர்ப்பவதி என்று அவருக்குத் தெரியவருகிறது. ஊர் முழுக்கக் கூட்டிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. நியாயமும் தன் பக்கம் இருப்பதாகவே அப்போது அவருக்குத் தோன்றியிருக்கும். ஆனாலும் அவளை அவமானப்படுத்த மனமில்லாமல், யாருக்கும் தெரியாமல் விலகிக்கொள்ளலாம் என்று யோசிக்கிறார். தேவதூதன் சொப்பனத்தில் வருவது அதற்குப் பிறகு. முதலில் அவருடைய குணம் தெரிந்தது, பிறகுதான் வெளிப்படுத்தல் வந்தது. மத்தேயு வைத்திருக்கிற அந்த வரிசையை மாற்றாதே.

அதற்குப் பிறகும் பார். சொப்பனத்தில் தேவன் அவரோடு பேசினது ஒரு தடவை இல்லை. மரியாளைச் சேர்த்துக்கொள் என்றும், எகிப்துக்கு ஓடிப்போ என்றும், திரும்பி வா என்றும், கலிலேயாவுக்குப் போ என்றும் திரும்பத் திரும்ப வழி காட்டப்பட்டது. உன் கணக்கில் சொன்னால் மிகப் பெரிய வரம் பெற்றவர் அவர். ஆனால் எனக்குக் காட்டப்பட்டது என்று எங்கேயாவது போய்ச் சொன்னாரா? ராத்திரியோடு ராத்திரியாக எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு நடந்தார். தனக்குத் தெரியவந்ததை வைத்து ஒரு பெண்ணையும் ஒரு குழந்தையையும் காப்பாற்றினார். அதோடு அவர் கதை முடிகிறது.

தேம்பாவணி பாடிய காலத்தை ஒட்டி, 1727-இல், அதே வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என்று ஒரு உரைநடை நூலும் எழுதினார். ஊர் ஊராகப் போய் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களுக்காக எழுதினது அது. மற்றவர்களுக்குப் போதிக்கிறவன் தான் எப்படி நடக்க வேண்டும் என்பதுதான் அதன் விஷயம். சொல்வன்மை மட்டும் போதும் என்று நினைத்திருந்தால் இலக்கணத்தோடும் அகராதியோடும் அவர் நின்றிருப்பார். உபதேசியாரின் நடத்தைக்கென்று தனியாக உட்கார்ந்து ஒரு நூல் எழுதியிருக்க மாட்டார்.

இப்போது அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். கர்த்தர் உனக்குக் காட்டினார் என்றே வைத்துக்கொள்வோம். காட்டினதை எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னது யார்? தீர்க்கதரிசனம் பக்தி வளரவும் புத்தி சொல்லவும் ஆறுதல் தரவும்தான் என்று பவுல் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார். அந்த மூன்றில் எது அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது? ஆவியானவர் உந்தும்போது அடக்க முடியவில்லை அக்கா என்று நீ சொல்லலாம். தீர்க்கதரிசியின் ஆவி தீர்க்கதரிசிக்கு அடங்கியிருக்கும் என்று அதே பதினான்காம் அதிகாரம் சொல்கிறது. அடக்க முடியும் தம்பி. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு என்பது ஆண்டவரே போட்ட ஒழுங்கு. வரம் வந்ததும் அந்த ஒழுங்கிலிருந்து நமக்கு விடுதலை கிடைத்துவிடாது. பிறருடைய இரகசியம் உன் கையில் வரும்போதுதான் உன் குணம் என்ன என்று தெரியும்.

மாமா வாழ்நாள் முழுவதும் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்தவர். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வருகிற வெள்ளைக் களிமண் கப்பாகவும் கொலு பொம்மையாகவும் ப்யூஸ் கட்டையாகவும் மாறுவதை அவர் கூடவே இருந்து நானும் பார்த்திருக்கிறேன். ஜனங்கள் கையில் எடுத்துப் பார்ப்பது மேலே இருக்கிற கிளேஸைத்தான். பளபளப்பு அதில்தான் இருக்கிறது. மாமா அதைப் பார்க்கவே மாட்டார். உடைந்த துண்டு ஒன்றை எடுத்து, உடைந்த இடத்தில் மை தொட்டு வைப்பார். கிளேஸுக்கு அடியில் இருக்கிற மண்ணை உடல் என்பார்கள். அது சரியாக வெந்திருந்தால் துணியால் துடைத்ததும் மை போய்விடும். வேகாத உடல் அதை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சரக்கை அவர் அனுப்ப மாட்டார். ப்யூஸ் கட்டைக்கு 1,200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் நிற்க வேண்டிய நேரமும் வேண்டும் என்பார். அவசரப்பட்டு இறக்கின சரக்கும் கடையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வேகாத உடல் மாதக்கணக்கில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்து, கண்ணுக்குத் தெரியாமல் உப்பும். மேலே இருக்கிற கிளேஸ் அந்த இழுப்பைத் தாங்காமல் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பு தெரிவது கிளேஸில். குறை இருப்பது உடலில். வரத்தையும் குணத்தையும் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். பெரிய பெரிய ஊழியங்கள் விழுந்துபோன செய்தி வரும்போது அவர்களுக்கு வரம் இருந்ததா இல்லையா என்று ஜனங்கள் விவாதிக்கிறார்கள். வரம் இருந்திருக்கும். அதைத் தாங்க வேண்டிய மனிதன் வேகவில்லை.

நம் தேசத்திலேயே நடந்த இரண்டு காரியங்களை உனக்குச் சொல்கிறேன். பெந்தெகொஸ்தே எழுப்புதல் 1906-இல் அமெரிக்காவில், அசுசா தெருவில் தொடங்கினது என்று நீ படித்திருப்பாய். அதற்கு நாற்பத்தாறு வருடம் முன்பே, 1860-இல், திருநெல்வேலிச் சீமையில் ஜனங்கள் அந்நியபாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், பாவ உணர்வில் தரையில் விழுந்து அழுதார்கள். அதற்கு முன்னால் நின்றவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்கிற தமிழர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்து, பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு ஊழியம் செய்து, மிஷன் சம்பளம் வேண்டாம் என்று விசுவாசத்தில் வாழ்ந்தவர். வத்திராயிருப்புப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்கிற சிற்றூரை 1840-களின் தொடக்கத்தில் உண்டாக்கி, அங்கேயே குடும்பத்தோடு இருந்தார். தான் செய்ததையும் கண்டதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஏறக்குறைய இருபது வருடம் அக்கம்பக்கத்தார் கண்முன்னால் வாழ்ந்து காட்டின பிறகுதான் அந்த எழுப்புதல் வந்தது. யாரோ ஒரு புது மனிதன் திடீரென்று வந்து நின்று பேசவில்லை. அவருடைய வரவு செலவையும், பெண்டாட்டி பிள்ளைகளையும், கோபதாபத்தையும் அந்த ஜனங்கள் அறிந்திருந்தார்கள்.

அந்த எழுப்புதலுக்குப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து மலையாளத் திருவிதாங்கூரிலும் ஒரு எழுப்புதல் உண்டானது. அதில் முக்கியமானவர் ஜஸ்டஸ் ஜோசப். வித்துவான் குட்டி என்று ஜனங்கள் அழைத்தார்கள். பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவராகி, சி.எம்.எஸ். சபையில் குருவானவர். அவர் எழுதின பாட்டுகளைக் கேரளத்துச் சபைகளில் இன்றைக்கும் பாடுகிறார்கள். அவ்வளவு வரம். அந்தக் கூட்டத்தில் 1875-இல் ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது: 1881-இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று. அவர் அதை நம்பினார், அறிவித்தார், பழைய சபையை விட்டுத் தனிச் சபையாகப் போனார். திரளான ஜனங்கள் பின்னால் போனார்கள். 1881 வந்தது, போனது. நாங்கள் தவறிவிட்டோம் என்று நிற்பதற்குப் பதில், அந்தத் தீர்க்கதரிசனத்துக்கு வேறு அர்த்தம் சொல்லி, யுயோமயம் என்கிற பெயரில் அந்தக் கூட்டம் தொடர்ந்தது. வித்துவான் குட்டி ஜனங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவருடைய தாகம் உண்மையானது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையான தாகமும் உண்மையான வரமும் உள்ள ஒரு மனிதர், மற்றவர்கள் நிதானிக்கும்படி தன் வார்த்தையை அவர்கள் கையில் கொடுக்காவிட்டால், தானும் தவறி, நம்பினவர்களையும் கூட்டிக்கொண்டு போக முடியும். இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்லட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று பவுல் எழுதினது தீர்க்கதரிசியைக் காப்பாற்றுவதற்கும்தான்.

உன் கூட்டத்தில் உன் வார்த்தையை நிதானிக்கிறவர் யார்? இது தவறு என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் யாராவது இருக்கிறாரா? உன் கடிதத்தில் அப்படி ஒருவர் பெயரும் இல்லை. உன்னைப் புகழ்ந்தவர்களின் பெயர்கள் நிறைய இருந்தன.

காணிக்கையைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். ஜெபித்த பிறகு கையில் கவர் கொடுக்கிறார்கள், மறுத்தால் வருத்தப்படுகிறார்கள் என்கிறாய். தஞ்சாவூர் ஸ்வார்ட்ஸ் ஐயரை நினைத்துக்கொள். 1779-இல் ஹைதர் அலியிடம் தூது போகச் சென்னை அரசு அவரைத்தான் கேட்டது. கும்பினியாரின் ஆட்களை நம்பாத ஹைதர், இந்தப் பாதிரியார் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பினார். திரும்பி வரும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த பணத்தை ஸ்வார்ட்ஸ் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொன்னபோது அதை அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கென்று வைத்தார். பிறகு ஹைதரின் படையெடுப்பில் தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் வந்தது. சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களிடம் நெல்லும் மாடும் இருந்தும், கொடுத்தால் பணம் வராது என்று நினைத்து, ராஜாவை நம்பாமல், அவர்கள் கொண்டுவரவில்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஸ்வார்ட்ஸ் எழுதினார். மாடுகளும் நெல்லும் வந்தன. சொன்னபடி பணமும் கொடுக்கப்பட்டது. ஒரு பட்டணம் பசியில் சாகாமல் தப்பினது. இதை அற்புதம் என்று யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். ஆனால் எத்தனையோ வருடம் ஒரு பைசாவிலும் பிசகாமல் நடந்த ஒரு மனிதனுடைய வார்த்தை அத்தனை உயிர்களைக் காப்பாற்றினது. நீ வாங்குகிற காணிக்கையை உன் கையால் வாங்காதே. சபையில் மூன்று பேர் கையில் கொடுத்து நோட்டுப் போட்டு எழுதச் சொல். எருசலேம் சபைக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. கர்த்தருக்கு முன்பாக மட்டும் இல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று காரணத்தோடு எழுதியிருக்கிறார்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். குணமாகும்படி ஜெபம் பண்ணு, நூறு தடவை பண்ணு. ஆனால் மருந்தை நிறுத்து என்று ஒருவரிடமும் சொல்லாதே. எங்கள் தெருவில் ஒரு அம்மா, விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்கள். கடைசியில் காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கக்கூட இல்லை. சுகம் தேவன் தந்தது என்றால் அது டாக்டர் பார்த்தாலும் சுகமாகத்தான் இருக்கும். குஷ்டரோகியை ஆண்டவரே ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொன்னாரே.

நம் அம்மாவுக்கு என்ன வரம் இருந்தது என்று நீ யோசித்திருக்கிறாயா? அம்மா அந்நியபாஷை பேசினதில்லை. நாலு பேர் முன்னால் ஜெபிக்கச் சொன்னாலே குரல் நடுங்கும். பெண்கள் சங்கத்துப் பணம் அம்மாவிடம்தான் இருக்கும், ஒரு தகர டப்பாவில், கணக்கு நோட்டோடு. அப்பா வேலை இல்லாமல் இருந்த அந்த மாதங்களில் நாம் கேழ்வரகுக் கூழ் குடித்தோம். நீ சின்னவன், அரிசிச் சோறு கேட்டு அழுதாய். டப்பா அலமாரியில் இருந்தது. அம்மா அதைத் தொடவில்லை. வருடக் கடைசியில் கணக்கு ஒப்படைத்தபோது ஒரு பைசா குறையவில்லை. யார் வீட்டில் பிரசவம் என்றாலும் ராத்திரியில் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் அம்மா ஒருநாளும் என்னிடம்கூடச் சொன்னதில்லை. கொரிந்தியரில் இருக்கிற வரங்களின் பட்டியலில் உதவி செய்வதும் ஒன்று; ரோமரில் இரக்கம் காட்டுவது ஒன்று. அவற்றை நாம் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆவியின் கனி என்று கலாத்தியரில் சொல்லியிருக்கிறதே, அன்பு, பொறுமை, தயவு, விசுவாசம், இச்சையடக்கம் என்று, அதெல்லாம் எப்படி இருக்கும் என்று நான் முதலில் பார்த்தது வேதப் புத்தகத்தில் இல்லை, அம்மாவிடம்தான். நீயும் அங்கேதான் வளர்ந்தாய்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு என் பதில். இப்போது வேலையை விடாதே. கடலூரில் பிறந்த ஆரோன் ஐயரைப் பற்றி ஞாயிறுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தரங்கம்பாடியில் 1718-இல் ஞானஸ்நானம் பெற்றார். தமிழரில் முதல் லுத்தரன் குருவாக அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1733 டிசம்பர் 28-இல். நடுவில் பதினைந்து வருடம். அந்த வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை, உபதேசியாராக ஊர் ஊராக நடந்தார், ஜனங்கள் அவரைப் பார்த்தார்கள். கண்காணியாக இருக்க விரும்புகிறவனுக்குப் பவுல் தீமோத்தேயுவிடம் எழுதின தகுதிகளை எண்ணிப் பார். போதிக்கத் திறமை வேண்டும் என்பது ஒன்றுதான் திறமையைப் பற்றினது. மற்றது எல்லாம் குடும்பம், கோபம், பணம், பொறுமை, வெளியார் கொடுக்கிற நற்சாட்சி. புதிதாகச் சேர்ந்தவனாக இருக்கக்கூடாது, இறுமாப்பில் விழுந்துவிடுவான் என்றும் எச்சரிக்கிறார். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் உன்னிடம் இருக்கிறது. பவுல் கூடாரம் தைத்துக்கொண்டே சபைகளைக் கட்டினார். உன் சம்பளத்தில் உன் பிள்ளைகள் சாப்பிடும்வரைக்கும் நீ யாருக்கும் பயந்தோ யாரையும் சந்தோஷப்படுத்தவோ தீர்க்கதரிசனம் சொல்ல வேண்டியிருக்காது. முழுநேரத்துக்கு அழைப்பு உண்மையானால் அது ஓடிப்போகாது. உன் மேலே இருக்கிற மூப்பர்கள் வாயாலும் கர்த்தர் அதைச் சொல்வார்.

அதற்கு முன்னால், இந்த வாரமே, உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போ. அவள் பெற்றோர் இருக்கும்போது மன்னிப்புக் கேள். நான் சொன்னது உண்மைதானே என்று ஆரம்பிக்காதே. பிறகு அடுத்த கூட்டத்தில், அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காமல், அன்றைக்கு நான் செய்த விதம் தவறு என்று எல்லார் முன்னாலும் சொல். அதைச் சொல்லிவிட்டால் ஜனங்கள் உன்மேல் வைத்திருக்கிற மதிப்புக் குறையும் என்று உனக்குப் பயமாக இருந்தால், அந்த மதிப்பு குறைவதே உனக்கு நல்லது.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நீ உன் வீட்டில் எப்படிப் பேசுகிறாய் என்று உன் மனைவியிடம் கேட்டு எனக்கு எழுது. நீ எழுதாதே, அவளையே எழுதச் சொல். உன்னுடைய ஊழியத்தைப் பற்றி அவள் கொடுக்கிற சாட்சிதான் எனக்கு வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பாக எழுதினதைப் படித்து வரத்தை மூடி வைத்துவிடாதே. அது உன்னுடையது இல்லை, சபைக்காகக் கொடுக்கப்பட்டது; அதைப் புதைத்தாலும் தப்புத்தான். வியாதியஸ்தருக்காக ஜெபம் பண்ணு. கர்த்தர் ஏதாவது காட்டினால் முதலில் அந்த மனிதருக்காக அழுது ஜெபித்துவிட்டு, பிறகு பேசலாமா வேண்டாமா என்று அவரிடமே கேள். உன் பெயர் பெரிதாகும்போது உன் பொறுமையும் கூடவே பெரிதாகிறதா என்று பார்த்துக்கொள். மாமாவும் நானும் தினமும் காலை ஜெபத்தில் உன் பெயரைச் சொல்கிறோம். கர்த்தர் உன்னைப் பெரிதாகப் பயன்படுத்த வேண்டும் என்று மாமா ஜெபிப்பார். நீ எழுபது வயதிலும் உன் பிள்ளைகள் மதிக்கிற தகப்பனாக இருக்க வேண்டும் என்று நான் ஜெபிப்பேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஆமென் சொல்கிறோம்.

பொங்கல் லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்வந்ததும் எனக்கு எழுது. அந்தக் கடிதத்துக்குத்தான் காத்திருப்பேன்.

உன் அன்பு அக்கா